காவல் காக்காத கண்ணாடி

புது லென்ஸ் வாங்க ஒருவர் கடைக்கு வருகிறார். பெட்டியைப் பிரித்து, கேமராவில் மாட்டி, கடை வாசலைப் பார்த்து நாலு படம் எடுத்து, திருப்தியாகிப் பணம் கட்டப் போகும் நேரத்தில், கடை ஊழியர் கண்ணாடி அலமாரிக்குள் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைக்கிறார். "சார், யூவி ஒண்ணு போட்டுக்குங்க. கீறல் விழுந்தா லென்ஸே போச்சு." ஐம்பதாயிரம் ரூபாய் கொடுக்கிறவருக்கு இன்னும் சில நூறு ரூபாய் பெரிதாகத் தெரிவதில்லை. ஃபில்டரை அங்கேயே திருகி மாட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த லென்ஸ் கைமாறும் நாள்வரை அதை யாரும் கழற்றுவதில்லை.

கல்யாண வேலைக்கு உதவியாளராகச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடங்களில் இதுவும் ஒன்று. பேட்டரியை ராத்திரியே சார்ஜ் போடு, கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடு, ஃபில்டர் இல்லாமல் லென்ஸை வெளியே எடுக்காதே. முதல் இரண்டும் அடிபட்டுக் கற்ற பாடங்கள். மூன்றாவது, யாரும் உரசிப் பார்க்காமலே கைமாறி வருவது. அக்கறையோடு சொல்லப்படுவதால் அதை எதிர்த்துக் கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்டே ஆகவேண்டும். ஃபிலிம் காலத்தில் இந்தக் கண்ணாடிக்கு ஒரு வேலை இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்தபோது அந்த வேலை போய்விட்டது. அதே டிஜிட்டல் கேமரா, ஃபிலிமில் இவ்வளவு தெரியாத ஒரு கெடுதலையும் கூட்டிக்கொண்டு வந்தது. இடையில் ஒட்டவைக்கப்பட்ட 'லென்ஸைக் காக்கும்' என்ற பெயரோ, சரியாகப் படிக்கப்படாத சாட்சிகளின் மேல் நிற்கிறது.

முதலில் அதன் பிறப்பைப் பார்க்கலாம். அலைநீளம் சுமார் 400 நானோமீட்டருக்குக் கீழே போனால் அது புற ஊதா ஒளி. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிமில் பூசிய வெள்ளி உப்புகளுக்கு அது நன்றாகவே தெரியும். கொடைக்கானலில் நின்று எதிர் மலையைப் பார்க்கிறவருக்கு லேசான நீலம்தான் தெரியும். அவர் எடுத்த கலர் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டால், பார்த்ததைவிட அடர்த்தியான நீல மூட்டம் மலையை மூடியிருக்கும். காற்றில் சிதறிய புற ஊதா, ஃபிலிமின் நீல அடுக்கில் பதிந்ததன் விளைவு அது. உயரம் கூடக் கூட, கடலோரத்துக்குப் போகப் போக இந்தத் தொல்லை அதிகம். அதை வடிகட்டத்தான் யூவி ஃபில்டர் வந்தது. லேசான ரோஜா நிறம் ஏற்றிய ஸ்கைலைட் ஃபில்டரும் அதே குடும்பம். அன்று அவை செய்த வேலை உண்மையான வேலை.

டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே ஒரு கண்ணாடி அடுக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. அகச்சிவப்பையும் புற ஊதாவையும் அது தடுத்துவிடும். அதற்கு முன்பே, லென்ஸுக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து கண்ணாடிகளும், அவற்றை ஒட்டிய பசையும், மேலே ஏற்றிய பூச்சுகளும் புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும். இதற்குச் சான்று வேண்டுமானால், புற ஊதாவிலேயே படம் எடுக்க விரும்புகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் போதும். தடயவியல்காரர்களும், பூவிதழ்மேல் நமக்குத் தெரியாமல் வண்டுகளுக்குத் தெரியும் கோலங்களைத் தேடும் ஆய்வாளர்களும் சாதாரணக் கேமராவை அப்படியே பயன்படுத்த முடியாது. சென்சாரின் முன்னடுக்கைப் பெயர்த்தெடுத்த கேமரா வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஒளியை மறித்துவிடும் என்பதால், குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் கொண்டு செய்த தனி லென்ஸ் வேண்டும். நிக்கான் நிறுவனம் 'யூவி நிக்கோர் 105 மி.மீ. எஃப் 4.5' என்ற லென்ஸை இதற்கென்றே செய்தது. புற ஊதாவை உள்ளே விடுவதற்கே இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கும்போது, அதை வெளியே நிறுத்த இன்னொரு கண்ணாடி எதற்கு?

இன்றைய டிஜிட்டல் படத்தில் தூரத்து மலை மங்கலாகத் தெரிந்தால், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியே தூசியிலும் ஈரத்திலும் சிதறிய மங்கல். யூவி ஃபில்டர் அந்த ஒளியைத் தொடுவதே இல்லை.

டிஜிட்டல் கேமராவுக்கு உண்மையாகவே முன்னால் ஒரு ஃபில்டர் தேவைப்பட்ட சந்தர்ப்பம் உண்டு. 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருந்த அகச்சிவப்புத் தடுப்பு பலவீனமாக இருந்தது. கறுப்பு செயற்கை இழைத் துணிகள் படத்தில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயின. லைக்கா தவறை ஒப்புக்கொண்டு, கேமரா வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் மாட்டும் இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. கோளாறு தெரிந்தது, காரணம் தெரிந்தது, ஃபில்டர் அதைத் தீர்த்தது. மலிவு யூவி ஃபில்டரை விற்கிறவர்கள் இப்படி ஒரு கோளாறைக் காட்டித்தான் அதை விற்கவேண்டும். காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் 'காப்பு' என்ற புதுப் பெயர் வேண்டியிருந்தது.

அந்தப் பெயருக்கும் ஒரு பழைய நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1933இல் வந்த லைக்காவின் சும்மார் 50 மி.மீ. லென்ஸ் மென்மையான முதல் கண்ணாடிக்குப் பேர்போனது. துணியால் துடைத்தாலே கோடு விழும். இன்று கிடைக்கும் பழைய சும்மார்களில் கீறல் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சை ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டுபிடித்த பிறகு வந்த ஆரம்பகாலப் பூச்சுகளும் மென்மையானவை. அப்படிப்பட்ட லென்ஸ் வைத்திருந்த தலைமுறை, முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டியதில் தப்பில்லை. இன்றைய பூச்சுகள் உறுதியானவை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த பல நல்ல லென்ஸ்களில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டாத ஃப்ளூரின் பூச்சும் உண்டு. விரல் ரேகை பட்டால் மெல்லிய துணியால் ஒரு தடவை தடவினாலே போய்விடும். சும்மாருக்குச் சொன்ன வைத்தியத்தை இந்த லென்ஸுக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபில்டருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடம் ஒரு கதை இருக்கும். "மண்டபப் படியில லென்ஸ் கீழ விழுந்துச்சு. ஃபில்டர் சுக்குநூறாப் போச்சு. லென்ஸுக்கு ஒண்ணுமே ஆகல. ஃபில்டர் மட்டும் இல்லேன்னா?" இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறார். ஆனால் நடந்ததிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தவறு. ஒரு தேங்காய்மேல் அப்பளத்தை ஒட்டிக் கீழே போட்டால் அப்பளம் நொறுங்கும், தேங்காய் பிழைக்கும். அப்பளம்தான் தேங்காயைக் காப்பாற்றியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஃபில்டர் உடைந்தது என்பது ஃபில்டர் எளிதில் உடையும் என்பதற்கு மட்டுமே சாட்சி. லென்ஸின் முதல் கண்ணாடியும் அந்த அடியில் உடைந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. அதை யாராவது சோதித்திருக்கிறார்களா?

அமெரிக்க வனவிலங்குப் புகைப்படக்காரர் ஸ்டீவ் பெர்ரி சோதித்திருக்கிறார். பல நிறுவனங்களின் ஃபில்டர்கள்மேல் ஒரு எடையை அளந்த உயரத்திலிருந்து விழவிட்டார். பிறகு பழைய லென்ஸ்களின் முதல் கண்ணாடிமேலும் அதையே செய்தார். ஃபில்டர்கள் சின்ன அடிக்கே உடைந்தன. லென்ஸ் கண்ணாடிகளை உடைக்க அதைவிட மிக அதிகமான விசை வேண்டியிருந்தது. ஃபில்டரை உடைக்கிற பல அடிகள் லென்ஸ் கண்ணாடியை ஒன்றும் செய்யாது என்பது அந்தச் சோதனையில் கண்ணெதிரே தெரிந்தது.

இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. ஃபில்டர் என்பது விளிம்பை மட்டும் ஓர் உலோக வளையம் பிடித்திருக்கும் மெல்லிய தட்டைக் கண்ணாடி. லென்ஸின் முதல் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமன். பெரும்பாலும் வெளியே வளைந்த குவிந்த வடிவம். வளைந்த வடிவம் அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் என்பது பழைய கட்டடங்களின் வளைவுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இத்தனை கனமான ஒன்றுக்கு முன்னால் இத்தனை மெல்லிய ஒன்றை நிறுத்தி, அது இதைக் காக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

உடைந்த ஃபில்டர் சும்மாவும் இருப்பதில்லை. கேமரா பழுதுபார்க்கும் கடையில் அப்படி ஒரு லென்ஸ் வந்து சேரும் காட்சியைக் கிட்டே நின்று பார்க்கலாம். ஃபில்டர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. அதன் திருகுமறை லென்ஸின் மறையைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. பழுதுபார்ப்பவர் ஃபில்டர் ரெஞ்ச் போட்டுப் பார்க்கிறார், வழுக்குகிறது. ரப்பர் கையுறை போட்டு அழுத்துகிறார், அசையவில்லை. கடைசியில் சின்ன ரம்பத்தால் வளையத்தை ஓரிடத்தில் அறுத்து, குறடால் உள்பக்கமாக வளைத்து எடுக்கிறார். இவ்வளவும் நடக்கும்போது, உடைந்த கண்ணாடியின் துணுக்குகள் முதல் கண்ணாடிமேலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு துணுக்குக்கும் கத்தி முனை. ஒவ்வோர் அசைவுக்கும் அவை கண்ணாடிமேல் உரசுகின்றன. கீறலுக்குப் பயந்து மாட்டிய பொருள்தான் அங்கே கீறலைப் போடுகிறது.

விழுந்த லென்ஸில் உண்மையாகக் கெடுவது எது என்பதும் அந்தப் பழுதுபார்ப்பவருக்குத் தெரியும். கேமராவோடு பூட்டும் மவுன்ட் வளையும். உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு நகர்ந்து, படத்தின் இடது பாதி கூர்மையாகவும் வலது பாதி மசமசப்பாகவும் வரும். ஃபோகஸ் மோட்டார் சிக்கும். அதிர்வைக் குறைக்கும் பகுதி கழன்று கடகடக்கும். முன்னால் திருகிய தட்டைக் கண்ணாடி இவற்றில் எதையும் தடுக்காது.

சரி, விழாமலே கீறல் விழுந்தால்? பையில் சாவியோடு உரசினால்? இந்தப் பயம்தான் ஃபில்டர் வியாபாரத்தின் முதுகெலும்பு. அதனால் ஒரு கீறல் படத்தை எவ்வளவு கெடுக்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் வைத்தால், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் சுமார் 18 மி.மீ.; பரப்பு சுமார் 250 சதுர மி.மீ. அதன்மேல் 5 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் கொண்ட, கண்ணை உறுத்தும் ஒரு கீறல் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அது மறைப்பது அரை சதுர மி.மீ.; அதாவது 500இல் ஒரு பங்கு, 0.2 சதவீதம். அந்தக் கீறல் ஃபோகஸாகும் தூரத்திலிருந்து வெகுவாக விலகியிருப்பதால் படத்தில் கோடாகவும் விழாது. மொத்த ஒளியில் ஒரு துளி குறையும், அவ்வளவுதான்.

நம்ப முடியாதவர்களுக்கு ஜவ்வாது மலையில் ஒரு சான்று நிற்கிறது. காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.3 மீட்டர் விட்டம் கொண்டது. வானத்திலிருந்து அந்த ஆடிக்கு ஒளி வரும் பாதையின் நட்டநடுவில்தான் இன்னோர் ஆடியும் அதைத் தாங்கும் அமைப்பும் தொங்குகின்றன. அங்கே எடுக்கும் படங்களில் நடுவில் கறுப்புப் புள்ளி விழுவதில்லை. விண்வெளியில் சுற்றும் ஹப்பிளும் இதே கதைதான். ஒளிப்பாதையின் நடுவில் முழு ஆடியே நிற்கும்போது விண்மீன்கள் தெளிவாகத் தெரிகின்றன என்றால், முடியளவு கீறலைப் பார்த்து நடுங்கத் தேவையில்லை.

கீறல் கெடுதலே செய்யாது என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும். எதிர் வெயிலில், நேராக முகத்தில் அடிக்கும் விளக்கில், பெரிய கீறல் ஒளியைச் சிதறடித்துப் படத்தின் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கவைக்கும். அகலக் கோண லென்ஸைச் சின்னத் துவாரத்தில் வைத்து எடுத்தால் அதன் நிழல் லேசாகத் தெரியவும் கூடும். விற்கப் போனால், வாங்குகிறவர் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து விலையைக் குறைப்பார். இது பர்ஸுக்கு வரும் நஷ்டம். அதைக் கணக்கில் வைக்கவேண்டியதுதான். ஆனால் படத்துக்கு வரும் நஷ்டத்தைப் பேசினால், தராசின் மறுதட்டில் ஃபில்டரை வைத்துப் பார்க்கவேண்டும்.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பியடிக்கும். ஃபில்டருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு. ஆக, கடையில் சில நூறு ரூபாய்க்குத் திருகிக் கொடுக்கும் பூச்சில்லாத ஃபில்டர், வரும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தை வழிமாற்றுகிறது. அந்தக் கீறல் மறைத்ததைப்போல 40 மடங்கு. லென்ஸ் செய்கிறவர்கள் இந்த 4 சதவீதத்தை ஒழிக்கத்தான் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியிருக்கிறார்கள். பென்டக்ஸ் 1971இல் கொண்டுவந்த எஸ்எம்சி பூச்சு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளை ஏற்றி ஒரு பரப்பின் எதிரொளிப்பை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கியது. இன்றைய லென்ஸ்களில் அதைவிட நுட்பமான பூச்சுகள் இருக்கின்றன. அந்தப் பூச்சுக்குத்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, அதன் முன்னால் பூச்சே இல்லாத கண்ணாடியை மாட்டுகிறார்.

'நல்ல பிராண்டா வாங்கிப் போட்டா?' என்ற கேள்வி நியாயமானது. நல்ல மல்டிகோட் ஃபில்டர் இந்த இழப்பை ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைக்கும். பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாமலே போகலாம். லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்த ரோஜர் சிகாலா, 2011இல் ஐம்பது ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி ஒரு படம் எடுத்துக் காட்டினார். மலிவு ஃபில்டருக்கும் நல்ல ஃபில்டருக்கும் இருக்கும் தூரமும் அவருடைய படங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு நல்ல ஃபில்டராலும் தப்பிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதன் தட்டை வடிவம்.

வரவேற்பு மேடையை நினைத்துப் பார்க்கவும். பின்னால் எல்.இ.டி. விளக்கு வரிசை. வீடியோக்காரரின் விளக்கு ஒன்று மணமக்களின் தோளுக்கு மேலே லென்ஸை நேராகப் பார்க்கிறது. ஃபோட்டோகிராஃபர் படம் எடுக்கிறார். ஆல்பம் வேலைக்கு உட்காரும்போதுதான் தெரிகிறது: மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைமேல் பச்சையாக ஒரு புள்ளி. பக்கத்துப் படத்தில் பெண்ணின் கன்னத்தில் அதே பச்சை. கூர்ந்து பார்த்தால், மேலே இருக்கும் விளக்குகளின் வரிசையே தலைகீழாகக் கீழே விழுந்திருக்கிறது. கோபுரத்தில் சீரியல் பல்பு போட்ட திருவிழா இரவிலும், ஃபில்டரோடு எடுத்த முழுநிலவிலும் இதே பேய் பிம்பம் வரும். எத்தனையோ பேர் இதற்கு லென்ஸைத் திட்டியிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். விளக்கின் ஒளி லென்ஸ் வழியாகப் போய்ச் சென்சாரில் ஒரு புள்ளியாக விழுகிறது. சென்சாரின் மேல்பரப்பு வழுவழுப்பானது. விழுந்ததில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். திரும்பும் ஒளி லென்ஸுக்குள் வந்த வழியே போய், இணைகதிராக வெளியே வரும்போது தட்டையான ஃபில்டரில் முட்டுகிறது. தட்டைப் பரப்பு அதை இணைகதிராகவே உள்ளே தள்ள, லென்ஸ் மறுபடி அதைக் குவித்துச் சென்சாரின் எதிர்ப்பக்கத்தில் கூர்மையான புள்ளியாக வைத்துவிடுகிறது. பிம்பம் தலைகீழாக இருப்பதற்கும், மங்காமல் தெளிவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. லென்ஸின் சொந்தக் கண்ணாடிகள் வளைந்திருப்பதால் அவற்றில் படும் ஒளி பெரும்பாலும் பரவி மங்கிவிடும். ஃபிலிமின் பரப்பும் சென்சார் அளவுக்குப் பளபளப்பாக இல்லாததால் அந்தக் காலத்தில் இது இவ்வளவு கண்ணில் படவில்லை. தாத்தா கேமராவில் தொல்லை தராத ஃபில்டர் பேரன் கேமராவில் தொல்லை தருவது இதனால்தான்.

வடதுருவ ஒளியைப் படமெடுக்க நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் போகிறவர்களுக்கு இதே தட்டைக் கண்ணாடி வேறொரு விதத்தில் வினையாகிறது. அந்தப் பச்சை ஒளி 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது. ஒரே அலைநீளமுள்ள ஒளி, ஃபில்டரின் இணையான இரு பரப்புகளுக்கு நடுவே எதிரொளித்துத் தன்னோடு தானே மோதி, படத்தின் நடுவில் வட்டம் வட்டமாக வளையங்களைப் போட்டுவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் சரி. அங்கே வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று, ஃபில்டரைக் கழற்று.

நீள லென்ஸ்காரர்களுக்குத் தொல்லை வேறு. வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் 150-600 மி.மீ. ஸூம் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களில் பலர் அதன் முன்னால் 95 மி.மீ. மலிவு ஃபில்டரை மாட்டியிருப்பார்கள். அவ்வளவு அகலமான கண்ணாடியைத் துல்லியமான தட்டையாகத் தேய்ப்பது செலவு பிடிக்கும் வேலை. மலிவில் அது வராது. தட்டையில் இருக்கும் சின்னக் குறையை 600 மி.மீ. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். "லென்ஸ் சாஃப்டா இருக்கு" என்று சர்வீஸுக்குக் கொண்டுபோகும் முன் அந்த ஃபில்டரைக் கழற்றி ஒரு கொக்கை எடுத்துப் பார்க்கவேண்டும்.

லென்ஸ் செய்கிறவர்களே என்ன செய்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. காட்டிலும் மைதானத்திலும் அடிபடும் 400 மி.மீ. எஃப் 2.8 போன்ற பெரிய லென்ஸ்களில், முன்னால் ஃபில்டர் திருக மறையே கிடையாது. நிக்கான் அப்படிப்பட்ட தன் லென்ஸ்களில் முன்னால் காப்புக் கண்ணாடி வைத்தபோது, தட்டையாக வைக்காமல் வளைந்த மெனிஸ்கஸ் வடிவத்தில் வைத்தது. கேனான் தன் பெரிய லென்ஸ்களில் வைத்திருந்த காப்புக் கண்ணாடியை, 2011இல் வந்த இரண்டாம் பதிப்புகளில் எடுத்தே விட்டது, எடை குறைந்தது. 2007இல் வந்த நிக்கானின் 14-24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் முதல் கண்ணாடி குமிழ்போல் வெளியே துருத்தி நிற்கும். முன்னால் ஃபில்டரைத் திருகி மாட்ட வழியில்லை. உலகமெங்கும் அந்த லென்ஸ் காப்பு ஃபில்டர் இல்லாமல்தான் உழைத்தது.

ஃபில்டர் தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. தனுஷ்கோடியில் காற்றடிக்கும் நாளில் மணல் கண்ணாடிமேல் சுரண்டும். கடற்கரையில் உப்புத்துளி தெறிக்கும். அடிக்கடி துடைக்கவேண்டி வரும். அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் புழுதி பறக்கும். வெல்டிங் பொறி தெறிக்கும் தொழிற்கூடத்தில் ஒரு நெருப்புத் துளி பூச்சைத் தீய்த்துவிடும். கேனானின் 17-40 மி.மீ. எஃப் 4, 50 மி.மீ. எஃப் 1.2 போன்ற சில லென்ஸ்களில், முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் தூசி, ஈரத் தடுப்பு முழுமையடையும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அங்கெல்லாம் மல்டிகோட் செய்த நல்ல நிறமற்ற காப்பு ஃபில்டரை மாட்டவேண்டும். வேலை முடிந்ததும் கழற்றவேண்டும். மழை வந்தால் குடை பிடிக்கிறோம். அதற்காகப் படுக்கையிலும் குடையை விரித்துக்கொண்டு தூங்குவதில்லை.

அன்றாடம் லென்ஸைக் காப்பது எது? அது பெட்டிக்குள்ளேயே இலவசமாகவோ, தனியாகக் கொஞ்சம் காசுக்கோ கிடைக்கிறது: ஹூட். பிளாஸ்டிக் ஹூட் கதவிலோ தூணிலோ இடித்தால், அடியை முதலில் வாங்குவது அதுதான். வளைந்து கொடுத்து வேகத்தைத் தின்னும். உடைந்தாலும் கண்ணாடித் துணுக்கு விழாது. விரலை முதல் கண்ணாடிவரை நெருங்கவிடாது. பக்கவாட்டு விளக்கொளியைத் தடுத்துப் படத்தின் தெளிவைக் கூட்டும். ஃபில்டர் படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஹூட் படத்துக்குக் கொடுக்கிறது. அப்படியிருந்தும் கல்யாண மண்டபங்களில் பார்த்தால், ஃபில்டர் பத்திரமாகத் திருகப்பட்டிருக்கும், ஹூட் தலைகீழாக லென்ஸ்மேல் கவிழ்த்து மாட்டப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் லென்ஸைக் கொல்லும் பெரிய எதிரி கீறல் இல்லை, பூஞ்சை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஈரக்காற்றில் பீரோவுக்குள் பூட்டிவைத்த லென்ஸில், மழைக்காலம் முடிந்து பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் ஓடியிருக்கும். விட்டுவைத்தால் பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. முன்னால் திருகிய ஃபில்டர் இந்த எதிரியை எட்டிக்கூடப் பார்க்காது. கழற்றாமலே விட்ட ஃபில்டரின் வளையம் உப்புக்காற்றில் இறுகிப்போய், அதன் பின்னால் படியும் அழுக்கைத் துடைக்கக்கூட வழியில்லாமல் செய்துவிடும். பூஞ்சைக்கு மருந்து ஈரத்தைக் கட்டுப்படுத்துவது. 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரப்பதமானியும் போதும். 82 மி.மீ. அளவில் நல்ல பிராண்டு ஃபில்டர் ஒன்றின் விலையில் இவை மூன்றையும் வாங்கிவிடலாம்.

துடைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ப்ளோயரால் ஊதித் தூசியை விரட்டவேண்டும். பிறகு மெல்லிய பிரஷ். கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. கண்ணாடியில் கீறல் விழுவது பெரும்பாலும் தூசி இருக்கும்போதே சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பதால்தான். இந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிக் கவலை தீரும்.

ஃபில்டரை 'மலிவான இன்ஷூரன்ஸ்' என்று சொல்வதுண்டு. இன்ஷூரன்ஸ் என்றால் நஷ்டம் வரும்போது பணம் வரவேண்டும். கேமரா திருடுபோனாலோ, விழுந்து உடைந்தாலோ ஃபில்டர் ஒரு பைசா தராது. அதன் பிரீமியமோ ஒவ்வொரு படத்திலும் கழிந்துகொண்டே இருக்கிறது. தொழில் செய்கிறவருக்குக் கேமரா, லென்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து உண்மையான காப்பீட்டுத் திட்டங்களே இருக்கின்றன. நாலு லென்ஸுக்கு நாலு நல்ல ஃபில்டர் வாங்கும் பணத்தை அதில் போடலாம்.

கடைக்காரர்மேல் கோபப்படவும் தேவையில்லை. கேமராவிலும் லென்ஸிலும் அவருக்கு நிற்கும் லாபம் குறைவு; ஃபில்டர், பை, கார்டு போன்ற துணைப்பொருட்களில்தான் கடை ஓடுகிறது. அவரும் கேட்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அவருடைய வியாபாரக் கணக்கு, படம் எடுக்கிறவரின் கலைக் கணக்காக மாறிவிடக் கூடாது.

இதை ஏற்க மனம் வராதவர்கள் இன்று இரவே வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்கலாம். கேமராவை ட்ரைபாடிலோ கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் வைத்து, இருட்டான பின்னணியில் தெருவிளக்கு ஒன்று படத்தின் மேல் மூலையில் வரும்படி அமைக்கவேண்டும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் மேனுவலில் பூட்டிக்கொண்டு, ஃபில்டரோடு ஒரு படம், கழற்றிவிட்டு இன்னொரு படம். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, விளக்குக்கு நேர் எதிர் மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். முதல் படத்தில் அங்கே தலைகீழாக ஒரு விளக்கு தெரிகிறதா, இரண்டாவதில் அது காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரை அதன் டப்பாவிலேயே போட்டுப் பையின் பக்க அறையில் வைத்துக்கொள்ளலாம். தனுஷ்கோடிக்குப் போகிற அன்றைக்கு எடுத்தால் போதும்.